நெஞ்சைத் திறக்காமலே இதய ஓட்டையை மூடலாம்... ஆனா எந்த ஓட்டை, எப்போ?

ஒரு சின்ன கற்பனை. அபிராமபுரத்தில் ஒரு பழைய ஃபிளாட், மூணாவது மாடி, லிஃப்ட் இல்லை. உங்களுக்கு 26 வயசு. புது வேலைக்கு ஆஃபர் லெட்டர் வந்தாச்சு. சேர்வதற்கு முன் மெடிக்கல் செக்கப். இ.சி.ஜி-யைப் பார்த்த டாக்டர், 'எதுக்கும் ஒரு எக்கோ எடுத்துடலாமே' என்கிறார். எக்கோ ரூமிலிருந்து வெளியே வரும்போது கையில் ஒரு ரிப்போர்ட். அதில் 'ஏ.எஸ்.டி, 18 மி.மீ' என்று எழுதியிருக்கிறது. கூகுள் பண்ணினால் 'இதயத்தில் ஓட்டை' என்று வருகிறது. வீட்டில் முதல் அரை மணி நேரம் அழுகை. அது அடங்கியதும் அம்மா சொல்கிறார், "இப்போதைக்கு யார்கிட்டயும் சொல்ல வேணாம். சித்திக்குக்கூட."

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டில் 'ஹார்ட்ல ஓட்டை' என்ற வார்த்தைக்கு என்ன விலை என்று அவருக்குத் தெரியும். அவர் மனசில் ஓடுவது நெஞ்சின் நடுவே மேலிருந்து கீழாகப் போகும் அந்த நீளத் தழும்பு. ஆனால், இந்த வகை ஓட்டைகளில் பெரும்பாலானவற்றை இப்போது நெஞ்சில் ஒரு கீறல்கூட இல்லாமல், தொடை இடுக்கில் இருக்கும் ஒரு ரத்தக்குழாய் வழியாகவே போய் மூடிவிடுகிறார்கள். சென்னையின் பெரிய இதய மருத்துவமனைகளுக்கு இது ரொம்ப சாதாரண வேலை. அதைத் தெரிந்துகொள்ளாமல் 'யார்கிட்டயும் சொல்ல வேணாம்' என்று தள்ளிப்போடும் வருஷங்கள்தான் பிரச்னை. எப்படி என்று பார்ப்போம்.

அடைப்பு வேற, ஓட்டை வேற

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். நம்ம ஊரில் இதயத்தில் எது செய்தாலும் அதற்குப் பெயர் 'பைபாஸ்' அல்லது 'ஸ்டென்ட்'. மாமாவுக்கு 55 வயசில் வந்தது அடைப்பு. இதயத் தசைக்கே ரத்தம் கொண்டுபோகும் குழாயில் கொழுப்பு படிந்து வழி மூடிக்கொள்வது. அங்கே வேலை, மூடியதைத் திறப்பது. உங்களுக்கு இருப்பது அதன் நேர் எதிர். திறந்திருக்கக் கூடாத ஒன்று திறந்திருக்கிறது. அதை மூட வேண்டும். நீங்கள் சாப்பிட்ட பரோட்டாவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இது பிறவியிலேயே வந்தது.

இன்னொரு விஷயம், நாம் எல்லோருமே இதயத்தில் ஒரு திறப்போடுதான் பிறக்கிறோம். கருவில் இருக்கும் குழந்தையின் நுரையீரல் வேலை செய்யாது. அதனால் ரத்தம் நுரையீரலைத் தவிர்த்து, வலது மேலறையிலிருந்து இடது மேலறைக்கு நேராகப் போக ஒரு சின்ன கதவு இருக்கும். பிறந்து முதல் மூச்சு எடுத்ததும் அழுத்தம் மாறி, அந்தக் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். நாலில் ஒருவருக்கு அது சரியாக ஒட்டாமல் லேசாக விலகியே இருக்கும். பெரும்பாலானோருக்கு அதனால் ஒரு தொந்தரவும் வருவதில்லை. ஏ.எஸ்.டி என்பது அதுவல்ல. இரண்டு மேலறைகளுக்கும் நடுவே இருக்கும் சுவரில் தசையே குறைந்துபோய் நிஜமாகவே ஓட்டை விழுந்திருப்பது. பெண்களிடம் இது ஆண்களைவிட சுமார் இரண்டு மடங்கு அதிகம்.

'அப்படின்னா 26 வருஷமா எனக்கு ஏன் எதுவும் தெரியலை?' நியாயமான கேள்வி. காரணம், இந்த ஓட்டை சத்தமில்லாமல் வேலை செய்யும். இடது மேலறையில் அழுத்தம் கொஞ்சம் அதிகம். அதனால், நுரையீரலில் சுத்தமாகி வந்த ரத்தத்தில் ஒரு பகுதி ஓட்டை வழியாக மறுபடியும் வலப்பக்கம் ஒழுகி, மறுபடியும் நுரையீரலுக்கே போகிறது. ஒரு நிமிடத்துக்கு உடம்புக்கு 5 லிட்டர் ரத்தம் போகிறது என்றால், நுரையீரலுக்கும் 5 லிட்டர்தான் போக வேண்டும். ஓட்டை பெரிசாக இருந்தால் நுரையீரலுக்கு 10 லிட்டர்கூட போகலாம். உடம்புக்குப் போக வேண்டியது போய்விடுவதால் நீங்கள் சாதாரணமாகவே நடமாடுவீர்கள். ஆனால் இதயத்தின் வலப்பக்கம் மட்டும் டபுள் டியூட்டி பார்த்துக்கொண்டிருக்கும்.

சின்ன வயசில் அடிக்கடி சளி, காய்ச்சல். ஸ்கூல் ஓட்டப்பந்தயத்தில் எப்பவும் கடைசி. மூணு மாடி ஏறினால் மூச்சு வாங்கும். 'ஜிம் போகாததுதான் காரணம்' என்று நீங்களே ஒரு காரணம் சொல்லிக்கொள்வீர்கள். பலருக்கு இது இருபதுகளில், வேலைக்கான பரிசோதனையிலோ, முதல் பிரசவ நேரத்து எக்கோவிலோதான் வெளியே வருகிறது.

இளநீர் ஸ்ட்ராவைவிட ஒல்லியான பாதை

இனி அந்தக் கருவி. டாக்டர்கள் சுருக்கமாக 'டிவைஸ்' என்பார்கள். பார்க்க, நடுவில் ஒரு இடுப்பு வைத்து ஒட்டிய இரண்டு தட்டுகள் மாதிரி இருக்கும். பழைய உடுக்கையை அமுக்கித் தட்டையாக்கினால் எப்படி இருக்குமோ அப்படி. தலைமுடி போன்ற மெல்லிய உலோகக் கம்பிகளைப் பின்னிய வலை. உள்ளே பாலியஸ்டர் துணி. இடுப்பு ஓட்டைக்குள் உட்காரும். ஒரு தட்டு சுவரின் இந்தப் பக்கம், இன்னொரு தட்டு அந்தப் பக்கம். இடுப்பின் அளவு 4 மி.மீ-யிலிருந்து 40 மி.மீ வரை கிடைக்கிறது.

20 மி.மீ இடுப்புள்ள டிவைஸின் பெரிய தட்டு சுமார் 34 மி.மீ அகலம். 10 ரூபாய் நாணயத்தைவிடப் பெரிசு. ஆனால் அதைக் கொண்டுபோகும் குழாயின் உள் அகலமோ சுமார் 3 மி.மீ-தான், இளநீர் ஸ்ட்ராவைவிட ஒல்லி. நாணயத்தைவிடப் பெரிய தட்டு, ஸ்ட்ராவைவிடச் சின்ன குழாய்க்குள் எப்படிப் போகும்?

அதற்கு விடை, நிட்டினால் என்ற உலோகம். நிக்கலும் டைட்டானியமும் கிட்டத்தட்ட சரிபாதி கலந்தது. அமெரிக்கக் கடற்படையின் ஆயுத ஆய்வுக்கூடம் ஒன்றில் வில்லியம் புஹ்லர் என்பவர் 1950-களின் கடைசியில் இதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். தேடியது ஏவுகணை முனைக்கு ஏற்ற உலோகம். கிடைத்தது, எவ்வளவு மடக்கினாலும் தன் பழைய வடிவத்தை மறக்காத உலோகம். நிக்கல், டைட்டானியம், அந்த ஆய்வுக்கூடத்தின் பெயர், மூன்றின் ஆங்கில முதலெழுத்துகளையும் சேர்த்ததுதான் நிட்டினால். பல்லுக்கு கிளிப் போட்டவர்களுக்கு இது ஏற்கெனவே பழக்கம். பற்களை மெல்ல மெல்ல இழுத்த அந்தக் கம்பி பல நேரம் இதுதான். இதய டிவைஸை நீளமாக இழுத்தால் நூல் மாதிரி ஆகிவிடும். குழாயிலிருந்து வெளியே தள்ளியதும் பழையபடி தட்டாக விரியும்.

செய்யும் விதம் இப்படி. மயக்க மருந்து கொடுத்து, தொடை இடுக்கில் ஊசி போடுவதுபோல ஒரு சின்னத் துளை. அங்கிருக்கும் சிரை வழியாக ஒரு ஒயர் மேலே போகிறது. வயிற்றைக் கடந்து வலது மேலறை, அங்கிருந்து ஓட்டை வழியாக இடது மேலறை. ஒயரின் மேல் குழாய், குழாய்க்குள் டிவைஸ். முதலில் இடப்பக்கத் தட்டை விரிக்கிறார்கள். மெதுவாகப் பின்னால் இழுத்து சுவரோடு ஒட்ட வைக்கிறார்கள். அப்புறம் வலப்பக்கத் தட்டு. இவ்வளவும் துடித்துக்கொண்டிருக்கும் இதயத்துக்குள், எக்கோ திரையையும் எக்ஸ்ரே திரையையும் பார்த்துக்கொண்டே.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதற்கு அடுத்த கட்டம். டிவைஸ் இன்னும் ஒரு கேபிளின் முனையில் திருகுபோல மாட்டியிருக்கும். அதை விடுவதற்கு முன் டாக்டர் கேபிளைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பார்ப்பார். அசைகிறதா, கழன்று வருகிறதா, பக்கத்து வால்வில் இடிக்கிறதா? இந்த ஆட்டலுக்கு 'மினசோட்டா விகிள்' என்றே பெயர். இந்த வகை டிவைஸை உருவாக்கிய கர்ட் ஆம்ப்ளாட்ஸ் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் இருந்தவர். திருப்தி இல்லையென்றால் மறுபடியும் குழாய்க்குள் இழுத்துக்கொண்டு வேறு அளவு முயலலாம். திருப்தி என்றால் கேபிளைத் திருகி விடுவிப்பார்கள். அவ்வளவுதான். மொத்தம் ஒரு மணி நேரம் முன்னே பின்னே. பெரும்பாலும் ஓரிரு நாளில் வீட்டுக்குப் போய்விடலாம்.

மினசோட்டாவுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 1952 செப்டம்பர் 2-ம் தேதி, ஜான் லூயிஸ் தலைமையிலான குழு ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியின் உடலைக் குளிரவைத்து, இதயத்தைத் திறந்து, கண்ணால் பார்த்தே இதே ஏ.எஸ்.டி ஓட்டையைத் தைத்தது அங்கேதான். அடுத்த ஆண்டு ஜான் கிப்பன் இதய - நுரையீரல் இயந்திரத்தின் உதவியோடு முதன்முதலாக வெற்றிகரமாக மூடியதும் ஏ.எஸ்.டி-தான், நோயாளி 18 வயதுப் பெண். 1960-களின் தொடக்கத்திலேயே நம் வேலூர் சி.எம்.சி-யிலும் திறந்த இதய அறுவை சிகிச்சை வந்துவிட்டது.

மூடுவது டிவைஸ் அல்ல, நீங்கள்தான்

பலருக்கும் வரும் பயம் இது: 'இரும்பைக் கொண்டுபோய் உள்ளே வெச்சிட்டா, அது வாழ்நாள் முழுக்க அப்படியே இருக்குமா? கழண்டுடாதா?'

இருக்கும். ஆனால் அப்படியே இருக்காது. டிவைஸ் உண்மையில் ஒரு சாரம் மாதிரி. உள்ளே வைத்ததும் வலையிலும் துணியிலும் ரத்த அணுக்கள் படிகின்றன. அதன் மேல் உங்கள் இதயத்தின் உள்சுவரில் இருக்கும் மெல்லிய படலம் ஓரத்திலிருந்து படர ஆரம்பிக்கிறது. மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் டிவைஸ் உங்கள் சொந்தத் திசுவால் போர்த்தப்பட்டுவிடும். அதற்குப் பிறகு ரத்தம் தொடுவது உலோகத்தை அல்ல, உங்கள் தசையைத்தான்.

அதனால்தான் அந்த முதல் ஆறு மாதம் முக்கியம். திசு மூடும்வரை ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகள். பல் பிடுங்குவது மாதிரி வேலை இருந்தால் அதற்கு முன் ஆன்டிபயாட்டிக், ஏனெனில் வாயிலிருந்து கிருமி ரத்தத்தில் கலந்து டிவைஸில் உட்கார்ந்துவிடக் கூடாது. முதல் சில வாரங்கள் பளு தூக்கக் கூடாது. கேன் தண்ணீரை மூணாவது மாடிக்கு வேறு யாராவது தூக்கட்டும். நிக்கல் அலர்ஜி உள்ளவர்கள் (கவரிங் தோடு போட்டால் காது புண்ணாகிறவர்கள்) முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

ஆபத்தே இல்லையா? இருக்கிறது. அரிதாக டிவைஸ் நழுவி வேறு இடத்துக்குப் போகலாம். உடனே பிடித்து எடுக்க வேண்டிவரும், சில நேரம் ஆபரேஷன் வரை போகும். இன்னும் அரிதாக, பல மாதம் கழித்தும் டிவைஸின் ஓரம் சுவரை உரசி அரிக்கலாம். சிலருக்குக் கொஞ்ச நாள் படபடப்பு வரும். திடீர் நெஞ்சுவலி, மயக்கம், மூச்சுத்திணறல் என்றால் 'சரியாயிடும்' என்று உட்காராமல் எமர்ஜென்சிக்குப் போக வேண்டும்.

எல்லா ஓட்டைக்கும் இந்தக் குடை பொருந்தாது

'தழும்பே இல்லாம பண்ணிடலாம்' என்று கேட்டதும் எல்லோருக்கும் அதுவே வேண்டும். ஆனால், ஓட்டை எங்கே இருக்கிறது என்பதுதான் தீர்ப்பு. சுவரின் நடுவே இருப்பது 'செகண்டம்' வகை, ஏ.எஸ்.டி-களில் முக்கால்வாசி இதுதான். இதிலும், தட்டுகள் பிடித்துக்கொள்ள ஓட்டையைச் சுற்றி குறைந்தது 5 மி.மீ அளவுக்கு விளிம்பு தேவை. சுவரே இல்லாத இடத்தில் ஆணி எப்படி நிற்கும்? இதைத் துல்லியமாகப் பார்க்கத்தான் தொண்டை வழியாகக் குழாய் விட்டு எடுக்கும் 'டி.இ.இ' என்ற எக்கோ. அசௌகரியமான டெஸ்ட்தான், தவிர்க்காதீர்கள்.

சுவரின் அடியில், வால்வுகளை ஒட்டி இருக்கும் 'பிரைமம்' வகைக்கு டிவைஸ் கிடையாது, ஆபரேஷன்தான். மேல் பக்கம், பெரிய சிரை வந்து சேரும் இடத்தில் இருக்கும் 'சைனஸ் வினோசஸ்' வகைக்கும் ரொம்ப காலமாக ஆபரேஷன்தான் ஒரே வழி. இங்கே சென்னைக்கு ஒரு பங்கு உண்டு. முகப்பேர் மெட்ராஸ் மெடிக்கல் மிஷன் மருத்துவமனையின் டாக்டர் கே.சிவகுமார் குழுவினர், இந்த வகைக்குத் துணி போர்த்திய ஸ்டென்ட்டை அந்தப் பெரிய சிரைக்குள் வைத்து, அதையே புதுச் சுவராக்கும் முறையைப் பலருக்குச் செய்து, சர்வதேச இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். தப்பான பக்கம் வந்துகொண்டிருந்த நுரையீரல் ரத்தம், ஸ்டென்ட்டின் பின்புறமாகத் திரும்பி இடது மேலறைக்குப் போய்விடும். எல்லோருக்கும் பொருந்தாது என்றாலும் கேட்டுப் பார்க்கலாம்.

ஆபரேஷன் என்றாலும் உடனே நடு நெஞ்சுத் தழும்பை நினைக்க வேண்டாம். வலது விலாவில், மார்பகத்துக்குக் கீழ் மடிப்பில் சின்னதாகக் கீறி, விலா எலும்புகளுக்கு நடுவே போய்த் தைக்கும் முறையும் இருக்கிறது. ஒட்டுப் போடுவதற்குப் பல நேரம் உங்கள் இதயத்தைச் சுற்றியிருக்கும் சவ்விலிருந்தே ஒரு துண்டு எடுத்துக்கொள்வார்கள். டிவைஸ் உட்காராத ஓட்டையில் வலுக்கட்டாயமாக டிவைஸ் வைப்பதைவிட இது ஆயிரம் மடங்கு நல்லது என்பேன்.

சரி, அப்பாவும் பாட்டியும் கேட்பார்கள், 'எங்களுக்கு ஏதும் இல்லையா?' சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வயதானவர்களுக்குப் பொதுவாகக் கெடுவது சுவர் அல்ல, வால்வு. சுண்ணாம்பு படிந்து இறுகிய வால்வுக்குள், தொடை வழியாகப் போய்ப் புது வால்வை விரித்துவிடும் டாவி முறையை 2002-ல் பிரான்ஸில் ஆலன் கிரிபியே தொடங்கிவைத்தார். சரியாக மூடாத மைட்ரல் வால்வின் இரண்டு இதழ்களையும் துணி கிளிப் மாதிரி நடுவில் கவ்விப் பிடிக்கும் மைட்ராகிளிப்பும் இருக்கிறது. இரண்டுக்கும் செலவு அதிகம்.

செலவு என்றதும் ஒரு விஷயம். அபிராமபுரத்தை ஒட்டிப் போகும் டி.டி.கே சாலையில் நீங்கள் தினமும் போயிருப்பீர்கள். அது டி.டி.கிருஷ்ணமாச்சாரியின் பெயர். அவர் தொடங்கிய குழுமத்தின் டி.டி.கே ஹெல்த்கேர்தான், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை திருநாள் மருத்துவ நிலையத்தில் டாக்டர் வலியத்தான் குழுவினர் உருவாக்கிய இந்திய இதய வால்வைத் தயாரித்து விற்றது. 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்ட அந்த வால்வு, வெளிநாட்டு வால்வுக்குக் காசில்லாத ஏராளமானோருக்கு உயிர் கொடுத்தது. அது நெஞ்சைத் திறந்து வைக்கும் வால்வு. அதே நிலையம், பெங்களூரு தேசிய விண்வெளி ஆய்வகத்தின் நிட்டினாலைக் கொண்டு ஏ.எஸ்.டி டிவைஸ் ஒன்றையும் வடிவமைத்து, 2021-ல் புனே நிறுவனம் ஒன்றுக்குத் தொழில்நுட்பத்தைக் கொடுத்திருக்கிறது.

அந்த 25 வயசு கணக்கு

மறுபடியும் அம்மாவிடம் வருவோம். தள்ளிப்போட்டால் என்ன ஆகும்?

அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 1950-களின் கடைசியில் ஏ.எஸ்.டி-க்கு ஆபரேஷன் செய்துகொண்ட 123 பேரை, சுமார் 30 ஆண்டுகள் கழித்துத் திரும்பிப் பார்த்து 1990-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். 25 வயசுக்கு முன் மூடிக்கொண்டவர்களின் ஆயுள், ஓட்டையே இல்லாதவர்களின் ஆயுளோடு ஒப்பிட்டால் வித்தியாசமே இல்லை. அதற்கு மேல் போகப் போக, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. 'எனக்கு 26 ஆயிடுச்சே' என்று பதற வேண்டாம். அது கதவு சாத்தும் தேதி அல்ல. 50, 60 வயசில் மூடிக்கொண்டவர்களுக்கும் மூச்சு வாங்குவது குறைகிறது. ஆனால், பல ஆண்டுகள் வீங்கிய வலது மேலறை, ஓட்டையை மூடினாலும் தாறுமாறான துடிப்பைச் சுலபத்தில் விடாது.

மோசமான முடிவு இன்னொன்று. வருஷக்கணக்கில் இரண்டு மடங்கு ரத்தம் பாய்ந்தால், சிலருக்கு நுரையீரல் குழாய்கள் தடித்து இறுகிவிடும். வலப்பக்க அழுத்தம் ஏறி ஏறி, ஒருநாள் ரத்தம் திசை மாறி, அசுத்த ரத்தம் இடப்பக்கம் போக ஆரம்பிக்கும். உதடும் நகமும் நீலமாகும். அந்தக் கட்டத்தில் ஓட்டையை மூடவே கூடாது. ஏனென்றால், இப்போது அந்த ஓட்டைதான் அழுத்தத்தை வெளியே விடும் வழி. மூடினால், ஆவி போகும் குக்கரின் வெயிட்டை அமுக்கிப் பிடித்த கதைதான். இந்த நிலையில் கர்ப்பம் தாயின் உயிருக்கே ஆபத்து. கல்யாணத்துக்காக மறைத்த ஒன்று, கல்யாணத்துக்குப் பிறகு இப்படி வெளியே வருவதைவிட, முன்பே மூடிவிட்டு 'இருந்துச்சு, மூடியாச்சு' என்று சொல்வது எவ்வளவோ மேல். சின்ன ஓட்டை, வலப்பக்கம் வீங்கவில்லை என்றால் மூடவே தேவையில்லை என்றுகூட டாக்டர் சொல்லலாம். அதுவும் கேட்டால்தானே தெரியும்?

பணத்துக்கு வழி: வருமான வரம்புக்குள் வரும் குடும்பம் என்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம், இந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு அனுமதி என்று மருத்துவமனையின் காப்பீட்டு கவுன்டரில் கேளுங்கள். உங்கள் கம்பெனி இன்ஷூரன்ஸ் என்றால், பாலிசியில் 'பிறவிக் குறைபாடு' என்ற பகுதியைத் தேடிப் படியுங்கள். வெளியே தெரியும் குறைக்கும் உள்ளே இருக்கும் குறைக்கும் விதிகள் வேறு வேறு; ஏ.எஸ்.டி உள்ளே இருப்பது. தனியாகப் புது பாலிசி எடுக்கும்போது எக்கோ ரிப்போர்ட்டை மட்டும் மறைக்காதீர்கள். பின்னாடி க்ளெய்ம் நிராகரிக்க அவர்களுக்கு அது ஒன்றே போதும்.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது இவற்றைக் கேளுங்கள்: எந்த வகை ஓட்டை? விளிம்பு எல்லாப் பக்கமும் இருக்கா? வலப்பக்கம் வீங்கியிருக்கா? நுரையீரல் அழுத்தம் எவ்வளவு? டிவைஸ் சரியா உட்காரலைன்னா, அங்கேயே ஆபரேஷன் செய்ய சர்ஜன் இருப்பாரா? கடைசிக் கேள்விக்கு 'இருப்பார்' என்ற பதில் வராத இடத்தில் நான் படுக்க மாட்டேன்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது டிவைஸின் பெயர், அளவு, தேதி எழுதிய ஒரு சின்ன அட்டை தருவார்கள். போட்டோ எடுத்து போனில் வையுங்கள்; ஏர்போர்ட்டில் பெரும்பாலும் தேவைப்படாது, ஆனால் என்றைக்காவது எம்.ஆர்.ஐ எடுக்கப் போனால் முதலில் கேட்பது அதைத்தான். தொடையில் ஒரு சின்ன பிளாஸ்திரி இருக்கும். அடுத்த எக்கோ தேதிக்கு போனில் ரிமைண்டர் வைத்துவிட்டு, மூணு மாடியையும் மெதுவாக ஏறி வீட்டுக்குப் போகலாம்.